பழைய பட்டியலைத் தேடிப் படித்த டிரேவர்

மேடையில் வீற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, டிரேவரின் துணைவியார் ஆஞ்சலா அவர்களே, இந்த லிங்கராஜபுரம் மண்டபம் கொள்ளாமல் வாசல்வரை நிற்கும் நண்பர்களே, உங்கள் அனைவருக்கும் ஸ்ரீகண்டனின் வணக்கம். போன வாரம் நம்மைவிட்டுப் போன டிரேவருக்குப் பக்கத்து நாற்காலியில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை செய்தவன் நான். பாதி நாள் அவரோடு சண்டை போட்டவன். அந்தத் தகுதியில் பேசுகிறேன்.

சிடியில் எழுதும் புரோகிராம் செய்வது எங்கள் கம்பெனி. "இன்னுமா சிடி?" என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள், டிரேவரும் சிரிப்பார். ஆனால் பல ஸ்கேன் சென்டர்களில் இன்றும் படத்தைச் சிடியில்தான் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்தச் சிடியில் எழுதியதை அழிக்க முடியாது. மிச்ச இடத்தில் மறுபடி எழுதலாம். எழுதும் ஒவ்வொரு முறையும், எந்தக் கோப்பு எந்த ஃபோல்டரில் எங்கே இருக்கிறது என்று புதுப் பட்டியலும் எழுத வேண்டும். கம்ப்யூட்டர் கடைசிப் பட்டியலை மட்டும் பார்க்கும். அதில் பழைய கோப்பைச் சேர்க்காமல் விட்டால், கோப்பு சிடியிலேயே இருக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது.

போன வருஷம் என்ன நடந்தது? அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கும் பாஞ்சாலி பிரேசர் டவுனில் நான்கு வீடுகளில் வேலை செய்கிறவர். அவருக்கு ஈரலில் ஒரு கட்டி. இரண்டாவது ஸ்கேன் எடுத்த இடத்தில் பழைய சிடியை நீட்டி, "இதுலயே போட்டுக் குடுங்க, ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்" என்றார். கேட்டதில் என்ன தவறு? எங்கள் புரோகிராமில்தான் போட்டுக் கொடுத்தார்கள். டாக்டர் திறந்தால் புதுப் படம் மட்டும்தான் இருந்தது. முதல் ஸ்கேன் எடுத்த சென்டரையோ மூடிவிட்டார்கள். கட்டி வளர்ந்ததா என்று ஒப்பிட வழியில்லை, ஆபரேஷன் செய்துவிடலாம் என்றார் டாக்டர்.

பாஞ்சாலியைத் தெரிந்த ஆஞ்சலாதான் அவரை எங்கள் ஆபீசுக்கு அழைத்து வந்தார். "வயித்தக் கிழிச்சா மூணு மாசம் குனிஞ்சு நிமிர முடியாதாம் சார். நாலு வூட்லயும் வேற ஆள வெச்சிடுவாங்க" என்று பாஞ்சாலி அழுதார்.

"சும்னே இரு மா, அழாத. அது எங்கயும் போவல, உள்ளதான் இருக்கு" என்றார் டிரேவர். முந்தைய பட்டியல் சிடியில் எங்கே கிடக்கிறது என்று தேடிப் பிடித்து, அதை மட்டும் படிக்கச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினார். சாயங்காலக் காபி வருவதற்குள் பழைய படம் திரையில் வந்துவிட்டது. டாக்டர் இரண்டையும் ஒப்பிட்டார். கட்டி துளியும் வளரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்றார். பாஞ்சாலி மறுநாளே வேலைக்குப் போனார்.

இது ஊருக்கே தெரிந்த கதை. தெரியாததைச் சொல்கிறேன். பழைய பட்டியலைச் சேர்க்காத அந்த புரோகிராமை எழுதியது யார்? நான்தான். அதைப் படிக்க ஒரு நிமிஷம் வீணாகிறது என்று, தானாகப் பட்டியலில் சேர்ந்துகொண்டிருந்ததை நிறுத்தி வைத்தேன். "ஒரு நிமிஷம் ஆனா ஆவட்டும் குரு" என்று டிரேவர் அப்போதே தடுத்தார். கேட்டேனா?

அன்று பாஞ்சாலி, "யாரு சார் பண்ண தப்பு?" என்று கேட்டபோது டிரேவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "எங்க தப்பு மா, மன்னிச்சுக்கோ" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

திருத்தத்தையும் அவரே செய்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுதும் பதிவு எங்களிடம் உண்டு. அவர் போன பிறகு, முந்தாநாள்தான் அதைத் திறந்து பார்த்தேன். "என் கவனக்குறைவு – டிரேவர்" என்று எழுதியிருந்தார். நாங்கள் விற்றது நாற்பத்தொரு சென்டர்களுக்கு. சனிக்கிழமைதோறும் கிளம்பிவிடுவார். பிரியாணிக்குப் போகிறார் என்று கிண்டல் செய்வேன். ஒவ்வொரு சென்டராகப் போய் மாற்றிக் கொடுத்திருக்கிறார் என்பது அந்தப் பதிவைப் பார்த்துத்தான் தெரிந்தது. இருபத்துமூன்று முடித்திருக்கிறார்.

இப்படி வாழ்ந்தவருக்காக அழ எனக்கு மனம் வரவில்லை. அவரோடு வேலை செய்தேன் என்று பெருமையாகத்தான் இருக்கிறது. பாஞ்சாலி அம்மா, அந்தத் தப்பு என்னுடையது. என்னை மன்னியுங்கள். பதிவிலும் டிரேவர் பெயருக்குக் கீழே உண்மையை எழுதிவிட்டேன். மீதிப் பதினெட்டு சென்டர்களுக்கும் நான் போகிறேன், வரும் சனிக்கிழமை அத்திபெலேயில் ஆரம்பம். யார் செய்த தவறு என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. கேட்காவிட்டாலும் சொல்வேன்.