ஒரே ஒரு டைல்

அந்தச் சுவிட்சைத் தொடாதீர்கள் சார். கையை எடுத்துவிடுங்கள். பத்து நிமிஷம் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

போர்டுக்குக் கீழே சுவரைப் பாருங்கள். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கிறது. மேலே கழிவறை இருக்கும். ஒரு வருஷமாகவாவது உள்ளுக்குள் ஒழுகியிருக்கும். நாற்காலியை இந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். வாக்குமூலம் எழுதுகிற ஏட்டையாவும் தள்ளி உட்காரட்டும்.

சுவரில் ஆபத்து என்று முன்பின் தெரியாத உங்களுக்குச் சொல்ல வாய் வந்தது, கூடப் பிறந்த தங்கச்சிக்குச் சொல்ல ஏன் வரவில்லை என்றுதானே பார்க்கிறீர்கள்? அதைச் சொல்லத்தான் நானாக வந்தேன். என் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், அது போதும். உங்களுடையது கனமான குரல், கேட்கிறது. மெல்லிய சத்தங்கள்தான் எனக்குப் போய்விட்டன.

சுவருக்குள் ஒழுகும் தண்ணீரைக் கண்டுபிடிப்பது என் தொழில். வீட்டில் எல்லாக் குழாயையும் மூடச் சொல்வேன். தண்ணீர் மீட்டருக்குள் ஒரு சின்னச் சிவப்புச் சக்கரம் உண்டு. எல்லாம் மூடிய பிறகும் அது சுற்றினால் எங்கேயோ ஒழுகல் இருக்கிறது. எங்கே என்று சொல்லத்தான் நான். ஒரு முழ இரும்புக் கம்பி, ஒரு முனை சுவரில், மறுமுனை காதுக்குப் பின்னால் எலும்பில். ஒழுகல் இருந்தால் பட்டுத் துணி கிழிகிற மாதிரி ஒரு சீறல் கேட்கும். அந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவேன். என் மனைவியின் தம்பி உடைப்பான். அவனை எல்லோரும் உளி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வீட்டிலும் அவன் இரண்டாவது டைலை உடைத்ததில்லை. ஒரே ஒரு டைல். என் பெயரே அதுதான் சார். என்னைக் காது என்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் குக்கர் விசில் கேட்காமல் போனது. அப்புறம் போன் மணி. அப்புறம் தங்கச்சி மகளின் சிரிப்பு. கடைசியாக அந்தச் சீறல். யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. "சத்தம் வரும், எல்லாரும் வெளிய நில்லுங்க" என்று அறையைக் காலி செய்துவிட்டு உள்ளங்கையால் சுவரைத் தடவுவேன். ஈரச் சுவர் நூலளவு குளிர்ச்சியாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் கன்னத்தை வைத்துப் பார்ப்பேன். பிறகு கதவைத் திறந்து, எல்லோர் முன்னாலும் கம்பியை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன். ஒருதரமும் தப்பியதில்லை.

அந்தச் சனிக்கிழமை தங்கச்சி வீட்டில்தான் அறையைக் காலி செய்ய முடியவில்லை. குழாய்களை மூடியும் சக்கரம் சுற்றுகிறது என்று கூப்பிட்டிருந்தாள். அவள் புருஷன் பக்கத்து வீட்டு ஆட்களையெல்லாம் குளியலறைக்குள் கூட்டி வந்து நிறுத்திவிட்டார். "எங்க மச்சான் வித்தையப் பாருங்க. சுவரு இவருகிட்ட வாயத் திறந்து பேசும்." ஒருவரும் வெளியே போகிற மாதிரி தெரியவில்லை. கம்பியை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

"காய்ஞ்சிருக்கு. மீட்டர்தான் கோளாறு" என்றேன்.

"மாமா, சக்கரம் பம்பரமாச் சுத்துது. காதுல பஞ்சு கிஞ்சு வச்சிருக்கீங்களா?" என்றான் உளி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர்கள் கூடத்துக்குப் போனதும் தங்கச்சி, "கை கழுவிட்டு வாண்ணா. செருப்பைப் போட்டுக்கிட்டு நில்லு, வழுக்கும்" என்றாள். அவள் அப்படித்தான். குளியலறைக்கென்று ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு வைத்திருந்தாள், குளிக்கும்போதும் கழற்ற மாட்டாள். நான் போட்டுக்கொண்டு கதவைச் சாத்தினேன். ஹீட்டருக்குக் கீழே உள்ளங்கையை வைத்தேன். வட்டம் போட வேண்டிய இடம் உடனே தெரிந்துவிட்டது. ஹீட்டர் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. குழாயைத் தொட்டதும் முழங்கை வரை சுரீர் என்று ஏறியது. சுவருக்குள் போகிற வயர் நனைந்து இரும்புக் குழாயில் கரன்ட் வந்துவிட்டது. செருப்பு இருந்ததால் பிழைத்தேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கதவுக்கு வெளியே தங்கச்சி நின்றிருந்தாள்.

"மூணு தடவ தட்டினேன். கேக்கலல்ல?"

நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"உனக்குக் காது போயிருச்சுண்ணா. எனக்குப் போன வருஷமே தெரியும். நீ வாயப் பாத்துத்தான் பதில் சொல்ற. கண்ணு மங்குனா கண்ணாடி போடுறதில்லையா, இதுல என்ன வெக்கம்? திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போவோம். நாளைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து அண்ணிகிட்டயும் உளிகிட்டயும் நானே பக்குவமா எடுத்துச் சொல்றேன். நீ ஒண்ணும் பேச வேணாம்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பிறகு தேநீர் போடப் போனவள் திரும்பி, "அப்ப காலைல குளிக்க ஹீட்டர் போட்டுக்கலாம்ல?" என்று கேட்டாள்.

"தாராளமாப் போடு" என்றேன்.

மறுநாள் காலையில் வெறுங்காலோடு குழாயடியில் கிடந்தாளாம்.

வயரைச் சுவருக்குள் வெறும் டேப் சுற்றி விட்ட எலக்ட்ரீஷியனை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். டேப் சுற்றியது அவர்தான், நான் மறுக்கவில்லை. எனக்கு டாக்டர் சோதனை செய்து சான்றிதழ் கொடுத்தார். வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடது காது பாதிக்கு மேல் இல்லை. அவ்வளவுதான், எல்லோரும் என்னை மன்னித்துவிட்டார்கள். தங்கச்சி புருஷன் என்னைக் கட்டிக்கொண்டு, "கேக்காத மனுசன வித்தை காட்டச் சொன்னேனே மச்சான், பாவி நான்" என்று அழுதார். உளி இப்போது மெஷின் வைத்து ஒழுகல் கண்டுபிடிக்கிற ஒருவரோடு வேலைக்குப் போகிறான். தெருவில் பார்த்தால் என்னிடம் குழந்தையிடம் பேசுகிற மாதிரி உரக்கப் பேசுகிறான். எதை யாரும் தெரிந்துகொள்ளக் கூடாது என்று இருந்தேனோ அது ஊருக்கே தெரிந்துவிட்டது. அவளும் இல்லை.

உங்கள் காகிதத்தில், 'ஒழுகலைக் கண்டுபிடிக்கத் தவறினார்' என்று என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. அதைத்தான் திருத்தச் சொல்லி வந்தேன். நான் தவறவில்லை சார். நீங்கள் சுவரை உடைக்கச் சொன்ன அன்று உளி மூன்று டைல் உடைத்தான். என்னைக் கேட்டிருந்தால் ஒன்று போதும். ஹீட்டருக்குக் கீழே, இடது ஓரத்திலிருந்து இரண்டாவது.

நான் அவளை ஒன்றும் செய்துவிடவில்லை. சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டிருப்பது கொலையாகுமா என்று படித்த நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பதை மட்டும் யோசித்தேன். பள்ளிக்கூடம் கிடையாது, அதனால் குழந்தை நேரங்கழித்துத்தான் எழுந்திருக்கும். அவள் புருஷன் காலை ஷிஃப்ட் முடிந்து மத்தியானம் வந்துதான் குளிப்பார். முதலில் குளிக்கப் போகிறவள் அவள் ஒருத்திதான்.

மேஜை மேல் இருப்பது என் கருவிப் பை. திறந்து பாருங்கள், கை வைக்கலாம், பயமில்லை. கம்பிக்கு அடியில், பழைய செய்தித்தாளில் சுற்றி, அந்த நீலச் செருப்பு இருக்கும். அவள் உள்ளே எனக்குத் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தபோது எடுத்து வைத்தேன்.