பலகையின் முதுகில் எழுதிய கணக்கு

ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். இளவரசனின் மாமா அப்பாதுரை, ஜோசுவாவுக்குக் கொடுக்க வேண்டிய கடன் அவ்வளவுதான்.

ராத்திரி ஒன்பதரை மணி. தென்னேரி ஏரிக்கரை ரோடு. விளக்கில்லை... ஆளில்லை. வேலை முடிந்து ஜோசுவா பைக்கில் வீட்டுக்குப் போனான். போய்ச் சேரவில்லை. காலையில் மாடு ஓட்டி வந்தவர்கள்தான் பார்த்தார்கள். பாதி உடம்பு கரையில், பாதி சேற்றில்.

இதை எங்களோடு வேலை பார்க்கும் இளவரசன் எங்களுக்குச் சொன்னது போன வாரம், கரண்ட் போன ராத்திரியில், சைட் கொட்டகையில். ஐந்து பேரும் ஒரே தார்ப்பாயில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவன் சொன்னபடியே எழுதுகிறேன்.

பிள்ளையார்பாளையம் தாண்டிப் புதிதாக ஒரு மருத்துவமனை கட்டினார்கள். காலையில் வந்து ஆபரேஷன் செய்துகொண்டு சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடலாம். அங்கே தரைக்கு டைல்ஸ் ஒட்டியவர் அப்பாதுரை; இளவரசன் அவருக்குக் கையாள். மேலே ஃபால்ஸ் சீலிங் ஜோசுவாவின் வேலை. அலுமினியச் சட்டத்தில் வெள்ளைப் பலகைகளைச் சதுரம் சதுரமாக உட்கார வைப்பான்.

அவனிடம் ஒரு பழக்கம். காதில் எப்போதும் சிவப்புப் பென்சில் ஒன்று இருக்கும். அளவு, கூலி, பாக்கி, எதுவானாலும் பலகையின் பின்பக்கத்தில் எழுதுவான். நுனியை நாக்கில் தொட்டுத்தான் எழுதுவான். கடன் கொடுத்த அன்றும் எழுதினான். எழுதி, மயக்கம் தெளிகிற அறையில் சுவரிலிருந்து மூன்றாவதாக மேலே மாட்டிவிட்டான்.

"உன் கணக்கு மேல இருக்குது மேஸ்திரி. துட்டு குடு, இறக்கி கோடு போட்டு அடிச்சிடறேன்."

"நா எங்கடா ஓடிடப் போறேன்?"

"நீ ஓட மாட்ட. துட்டுதான் ஓடிடும்."

அதற்கு மூன்றாம் நாள்தான் ஏரிக்கரை.

அடக்கத்துக்கு அப்பாதுரை போனார். பணமும் சட்டைப் பையில் இருந்தது. பெட்டியை மூடும் முன் ஜோசுவாவின் பெண்டாட்டி அந்தச் சிவப்புப் பென்சிலை அவன் பையில் செருகினாள். இவர் கண்ணால் பார்த்தார். அவள் கடனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை... இவரும் சொல்லவில்லை. போன பணம் அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. எழுதினவன் போய்விட்டான். எழுதினது சீலிங்குக்கு மேலே. யாருக்குத் தெரியப் போகிறது?

ஒரு மாதம் ஆனது. திறப்புக்கு நான்கு நாள் இருக்கும்போது, கட்டடத்துக்கு பிளான் போட்ட அபிநயா மேடம் எல்லாரையும் கூப்பிட்டார்.

"இங்க வர்றவங்க படுத்துக்கிட்டுதான் உள்ள போவாங்க. அவங்க கண்ணுக்கு என்ன தெரியுதுன்னு நாமளும் படுத்துப் பாத்தாதான் தெரியும். அப்பாதுரை அண்ணா, நீங்க படுங்க. தரை எங்க குலுங்குதுன்னும் உங்களுக்குத்தான் புரியும்."

அப்பாதுரைக்குச் சந்தேகம். இத்தனை பேர் இருக்க என்னை ஏன்? இளவரசன் காதில் சொன்னார். "இவங்க பார்வையே சரியில்லடா. கிட்னி எதுனா எடுத்துடப் போறாங்க."

"உன் கிட்னிய எடுத்து இன்னா மாமா பண்றது? பிழிஞ்சா சரக்குதான் வரும்."

படுத்தார். இளவரசன் தள்ள, ஸ்ட்ரெச்சர் வண்டி நகர்ந்தது. உடனே எழுந்து உட்கார்ந்தார். "கால் முன்னால போவுதுடா! பொணமாடா நா? திருப்பு வண்டிய."

"போற பக்கம் முகம் பாக்கணும் அண்ணா. அப்பதான் பயம் வராது," என்றார் மேடம்.

மறுபடி படுத்தார். மணி ஏழு. வெளியே இருட்டிவிட்டது. டைல்ஸ் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கியது. ட்ரிக்... ட்ரிக்... ட்ரிக். நடை முடிந்து, ஆபரேஷன் அறை தாண்டி, மயக்கம் தெளிகிற அறை. உள்ளே வருகிறவர்கள் பார்த்து மிரளக்கூடாது என்று, வெளியே போகிறவர்களுக்கு அங்கே தனி வாசல் வைத்திருந்தார்கள்.

அங்கேதான் கேட்டது.

கர்ர்... கர்ர்... சொரசொரப்பான பலகையில் பென்சில் தேய்கிற சத்தம்.

"மேல யார்றா?"

"மேல யாரு இருப்பா? சும்மா படு மாமா."

சுவரிலிருந்து மூன்றாவது பலகை மெல்ல எழும்பியது. ஒரு விரல் அளவு. இடுக்கில் கறுப்பு. அப்படியே நின்றது... எட்டிப் பார்க்கிற மாதிரி. வெள்ளைத் தூள் இவர் உதட்டில் விழுந்தது. சுண்ணாம்பு ருசி. பெயின்ட் வாசனை அடித்த அறையில் ஏரிச் சேற்று நாற்றம்.

டப். பலகை உட்கார்ந்துகொண்டது.

இளவரசன் சக்கரத்தைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தான். மேடம் சுவிட்ச் பக்கம் நின்றார். மேலே பார்த்தது படுத்திருந்தவர் ஒருவர்தான்.

"எப்படி இருந்தது அண்ணா? பயமா இருந்ததா?"

"லைட்டு கண்ணுல குத்தல மேடம்," என்றார். மேடம் அதை எழுதிக்கொண்டார்.

எல்லாரும் போனதும் இளவரசனின் சட்டையைப் பிடித்தார். "எவன மேல ஏத்தி வெச்ச? ஜோசுவா உங்கிட்ட சொன்னானா?"

"இன்னாத்த சொன்னான்?"

அப்பாதுரை ஏணி போட்டு, பக்கத்துப் பலகையைத் தூக்கி டார்ச் அடித்தார். உள்ளே ஒரு முழ உயரம்தான். மெல்லிய கம்பிகள். பூனை நடந்தாலும் மொத்தமும் கீழே வந்துவிடும். மூன்றாவது பலகையை மட்டும் அவர் தொடவில்லை.

ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. விடிந்ததும் பணத்தை எடுத்துக்கொண்டு தென்னேரிக்குப் போனார். ஜோசுவாவின் பெண்டாட்டி வாங்கி எண்ணினாள்.

"எங்கனா எழுதி வெச்சிருந்தாராண்ணா?"

"இல்லம்மா... எனக்கு ஞாபகம் இருந்துச்சு."

உச்சி வெயிலில் சைட்டுக்குத் திரும்பினார். நேராக அந்த அறைக்கு வந்து, அப்போதுதான் இளவரசனிடம் எல்லாவற்றையும் சொன்னார். "நீ ஏறுடா. நா ஏணியப் புடிச்சிக்கிறேன்."

இளவரசன் ஏறினான். மூன்றாவது பலகையை இறக்கித் திருப்பினான்.

அப்பாதுரை 1850. ஜோசுவாவின் எழுத்து. அதன் மேல் குறுக்கே இரண்டு கோடு. கீழே, பணம் திருப்பிக் கொடுத்த அன்றைய தேதி.

பலகை இருந்த இடத்தில், சட்டத்தின் ஓரமாகச் சிவப்புப் பென்சில் ஒன்று கிடந்தது. இளவரசன் கையில் எடுத்துப் பார்த்தான்.

நுனி ஈரமாக இருந்தது.