பழைய சீசாவில் ஒட்டிய தாள்

பிரிக்ஃபீல்ட்ஸ் டிஸ்பென்சரியில் அன்று காலை இருந்தது நாலே பேர்: ஜன்னலுக்கு உள்ளே கம்பவுண்டர், வெளியே ரயில்வே தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அம்மாள் ஒருத்தி, அவளுக்குத் துணையாக வந்த பக்கத்து வீட்டுக்காரி, பெஞ்சு ஓரத்தில் நான். டாக்டர் இன்னும் வரவில்லை.

"முழங்காலுக்குக் கொடுத்த மருந்தை எங்க வீட்டுக்காரரு குடிச்சிட்டாருங்க," என்றாள் அந்த அம்மாள்.

"தேய்க்கிற தைலத்தை யாராவது குடிப்பாங்களா?" என்றார் கம்பவுண்டர்.

"தேய்க்கிறதுன்னு யாரு சொன்னா? சீசாவுல வேளைக்கு ஒரு கோடு அளவு குடிக்கணும்னு தாளு ஒட்டியிருந்திச்சே."

"அது போன மாசத்து இருமல் மருந்துக்கு ஒட்டினது. சீசா நீ கொண்டாந்ததும்மா."

"சீசா அவளுது. ஊத்தினது நீங்கதானே?" என்றாள் துணைக்கு வந்தவள்.

"வாயில வச்சதுமே தெரியலியா?"

"நாத்தம் புடிச்ச மருந்துதான் நல்லாக் கேக்கும்னு டாக்டர் ஐயா சொல்லியிருக்காரு. மூக்கைப் பொத்திக்கிட்டு ரெண்டு வேளை குடிச்சிட்டாரு," என்றாள் அந்த அம்மாள்.

"இப்ப எப்படி இருக்காரு?"

"டாக்டர் ஐயா வீட்டுக்கு வந்து வயித்தைக் கழுவினதுல பொழச்சாரு. இன்னும் எழுந்திரிக்க முடியல. வேலையும் போயிருமோன்னு பயமா இருக்கு."

"முழங்கால் வலி?"

"படுத்தே கிடக்கிறாரு. வலி தெரியலியாம்."

"அப்ப மருந்து கேட்டிருக்கு," என்றார் கம்பவுண்டர். "வயித்தைக் கழுவின கூலி மூணு வெள்ளி. அதைக் கட்டினாத்தான் இன்னைக்கு மருந்து."

"உங்க தைலத்தைத்தானே வெளிய எடுத்தாரு. அதுக்குமா காசு?" என்றாள் துணைக்கு வந்தவள்.

அந்த அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளியை ஜன்னலில் வைத்தாள். நான் மருந்து வாங்கக் கொண்டுவந்து மடியில் வைத்திருந்த சீசாவின் பழைய தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ரெண்டு வெள்ளி பாக்கி," என்றார் கம்பவுண்டர்.