எட்டுப் பாத்தியும் பதினாறு இஞ்ச்சும்

நாத்தனார்: 'மார்ச் 13, வெள்ளி. தவறு ஒன்று. தோட்டத்துண்டின் நீளத்தை அண்ணியின் டேப்பை எட்டு முறை வைத்து அளந்தேன். டேப்பின் முனை இரண்டு அங்குலம் அறுந்திருந்ததைக் கவனிக்கவில்லை. நாற்பது அடி என்று நான் குறித்தது உண்மையில் முப்பத்தெட்டு அடி எட்டு அங்குலம்.' நேத்து நோட்டுல எழுதினது இவ்வளவுதான் அண்ணி. இப்போ திட்டுங்க.

அண்ணி: இரு இரு… எந்த டேப்பு? அந்த மஞ்சளா?

நாத்தனார்: தையல் மெஷின் மேல தொங்குமே, அதான்.

அண்ணி: அதுக்கு முனை போயி ரெண்டு வருஷமாச்சுடி! நான் எப்பவும் ரெண்டாம் நம்பர்லேர்ந்துதான் பிடிப்பேன்.

நாத்தனார்: எனக்கு யாரு சொன்னா?

அண்ணி: இதை வேற சொல்லணுமா? முனையிலேர்ந்து பிடிச்சிருந்தா இந்தத் தெருவுல அத்தனை பேரும் தொளதொளன்னு சட்டை போட்டுட்டுத் திரிவாங்க. சரி… அப்போ படம் தப்பா?

நாத்தனார்: தப்புதான்.

அண்ணி: முதல்ல போட்டியே, அதுவுமா?

நாத்தனார்: முதல் படம், ரெண்டாவது, மூணாவது… அஞ்சுமே. அதான் இன்னிக்கு ஆறாவது போடறேன்.

அண்ணி: ஐயையோ.

நாத்தனார்: உங்களுக்கு எதுக்கு ஐயையோ?

அண்ணி: சும்மா வாயில வந்துச்சு. அந்தக் கத்திரிக்கோலை எடுத்துக் காகிதத்து மேல வை, மூலை சுருளுது பாரு.

நாத்தனார்: முதல் படம் இந்த மேஜைலதான் இருந்துது. இப்போ காணோம். வெட்டுத்துணியோட சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும்.

அண்ணி: ம்… போயிருக்கும். சரி, தோட்ட ஆபீஸ்ல எப்போ கொடுக்கணும் இதை?

நாத்தனார்: திங்கட்கிழமை.

அண்ணி: திங்கட்கிழமையா?

நாத்தனார்: ஆமா… காலைல.

அண்ணி: ஓஹோ. கொடுக்கலேன்னா?

நாத்தனார்: தெரிஞ்சுக்கிட்டே கேக்கறீங்களே. இடம் வரிசைல அடுத்த ஆளுக்குப் போயிடும். மூணு வருஷம் காத்திருந்து, காய் போட்டுக்கன்னு என் பேருக்குக் கொடுத்த இடம். திரும்ப முதல்லேர்ந்து நிக்கணும்.

அண்ணி: மறுபடியும் ஜன்னல்ல ரெண்டு தொட்டி, அதுல நாலு மிளகாய்.

நாத்தனார்: சிரிக்காதீங்க. இந்த வீட்டுல என் பேருக்கு வந்த முதல் கவர் அந்த இடத்துக் கடுதாசிதான். கரண்ட் பில்லு, கேஸ் பில்லு, எல்லாம் அண்ணன் பேரு. தபால்காரர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டப்போ நானே ஒரு நிமிஷம் யாரையோன்னு நின்னேன்.

அண்ணி: நான் சிரிக்கலடி. சொல்லு, எங்கே எதைப் போடறே?

நாத்தனார்: வேலி ஓரம் அவரை.

அண்ணி: ஏன் அங்கே? வாசல் பக்கம் இருந்தா பறிக்க சுலபம்.

நாத்தனார்: கொடி உசரமா ஏறும். முன்னாடி வச்சா மத்ததுக்கெல்லாம் நிழல் விழும். எங்க சாயங்காலத் தோட்ட வகுப்புல முதல் நாளே சொன்னது.

அண்ணி: உங்க வகுப்புல எல்லாம் சொல்றாங்க. டேப்பு முனையைப் பாருன்னு மட்டும் சொல்லல.

நாத்தனார்: அண்ணி!

அண்ணி: சரி சரி, டீச்சரம்மா, மேல சொல்லுங்க.

நாத்தனார்: ரெண்டாவது, மூணாவது தக்காளி. நாலு வெண்டை. அஞ்சு கத்திரி. ஆறு கீரை. ஏழு மிளகாய், எட்டு முள்ளங்கி… எட்டு எங்கே இருக்கு? அதான் இடமே இல்லையே.

அண்ணி: ஏழுல பூசணி போடேன்.

நாத்தனார்: பூசணியா? அது ஊரெல்லாம் படரும்.

அண்ணி: படரட்டுமே. எட்டுலயும் போட்டுடு.

நாத்தனார்: ரெண்டு பாத்தி பூசணியா? நம்ம வீட்டுல யாரு சாப்பிடறா? அண்ணன் பூசணின்னாலே தட்டை நகர்த்துவார்.

அண்ணி: அவருக்குப் பழக்கணும்னுதான்…

நாத்தனார்: பதினஞ்சு வருஷமாப் பழக்காதவங்க இப்போ பழக்கப் போறீங்களாக்கும்! என்ன அண்ணி, திடீர்னு பூசணி மேல இவ்வளவு பாசம்?

அண்ணி: பூ அழகா இருக்கும்ல… சரி, விடு. இடம் இல்லேன்னியே, ஏன்?

நாத்தனார்: ஒரு பாத்தி நாலு அடி. நடக்கிற வழி ஒரு அடி. ஆக அஞ்சு. எட்டஞ்சு நாப்பது. நமக்கு அதுல பதினாறு இஞ்ச் குறையுது. எட்டாவது பாத்தியை எடுத்தாகணும். இல்லேன்னா வழியை எல்லாம் சுருக்கணும். அப்புறம் வாளியோட எப்படித் திரும்பறது? நேத்து ராத்திரி முழுக்க இதையே யோசிச்சேன். ஏழு பாத்தின்னா முள்ளங்கி போகும். முள்ளங்கி போனா…

அண்ணி: கொஞ்சம் மூச்சு விடு. அஞ்சு அடின்னா ஒரு டேப்பு.

நாத்தனார்: ஆமா, அறுபது இஞ்ச்.

அண்ணி: ஒரு சட்டை இடுப்புல பதினாறு இஞ்ச் அதிகம்னா, நான் ஒரே பக்கத்துலயா வெட்டுவேன்?

நாத்தனார்: பதினாறு இஞ்ச் அதிகமா? அது சட்டை இல்ல, கூடாரம்.

அண்ணி: கேக்கறதுக்குப் பதில் சொல்லு.

நாத்தனார்: மாட்டீங்க. எல்லாத் தையல்லயும் கொஞ்சம் கொஞ்சம் பிடிப்பீங்க.

அண்ணி: எட்டுத் தையல். ஒண்ணுல ரெண்டு இஞ்ச். எவ்வளவு?

நாத்தனார்: பதினாறு… அண்ணி!

அண்ணி: பாத்தி நாலு அடிக்கு ரெண்டு இஞ்ச் கம்மி. வெண்டைக்கு அது தெரியவா போகுது? அதே அறுந்த டேப்பை அப்படியே எட்டு தடவை வை. எட்டும் கச்சிதமா உக்காரும்.

நாத்தனார்: அப்போ முதல் படமே சரியா?

அண்ணி: நம்பர்தான் தப்பு. படம் சரி.

நாத்தனார்: அஞ்சு படம் வீணாப் போட்டேனா…

அண்ணி: நோட்டைக் கொடு, நீ போட்ட கணக்கைப் பாப்போம்.

நாத்தனார்: வேணாம், நானே படிக்கறேன்.

அண்ணி: எழுத்தைப் பாக்கல, கணக்கைத்தான் பாக்கறேன்… இது என்ன? கீழே 'தவறு இரண்டு'ன்னு எழுதி, ரெண்டு கோடு போட்டு அடிச்சிருக்கே?

நாத்தனார்: அது ஒண்ணுமில்ல.

அண்ணி: பேனா அழுத்தினதுல காகிதம் கிழிஞ்சிருக்கு. ஒண்ணுமில்லாததுக்கா?

நாத்தனார்: நோட்டை மூடுங்க அண்ணி.

அண்ணி: சொல்லேன்மா.

நாத்தனார்: திங்கட்கிழமை இல்ல அண்ணி. நேத்து அஞ்சு மணியோட முடிஞ்சுபோச்சு.

அண்ணி: ம்.

நாத்தனார்: அஞ்சாவது படத்தை மடிச்சுப் பையில வச்சேன். செருப்பு கூட மாட்டிட்டேன். கடைசியா ஒரே ஒரு தடவை சரிபாப்போம்னு உக்காந்தேன். அப்போதான் டேப்பு கண்ணுல பட்டுது. எல்லாத்தையும் மறுபடி கூட்டி, திருத்தி, நிமிர்ந்து பாத்தா அஞ்சே கால்.

அண்ணி: அப்புறம்?

நாத்தனார்: வகுப்புக்குப் போனேன்.

அண்ணி: அழுதியா?

நாத்தனார்: பஸ்ல. ஜன்னல் பக்கம் திரும்பிட்டு.

அண்ணி: இடம் போனது தெரிஞ்சும் இன்னிக்கு எதுக்கு ஆறாவது படம்?

நாத்தனார்: நீங்க துணியெல்லாம் எடுத்துவச்சு, மேஜையைக் காலி பண்ணி, பென்சில் சீவி வச்சிட்டுக் கூப்பிட்டீங்க. அதைப் பாத்ததும் எப்படிச் சொல்றதுன்னே தெரியல. இன்னும் ஒரு நாள் நம்ம இடமாவே இருக்கட்டும்னு… மன்னிச்சுடுங்க அண்ணி. தப்பு இல்லாமக் கொடுக்கணும்னுதான் நினைச்சேன். கொடுக்காமலே விட்டுட்டேன்.

அண்ணி: அழாதே. கோடு கலையுது பாரு.

நாத்தனார்: கலைஞ்சா என்ன இனிமே.

அண்ணி: திங்கட்கிழமை பத்து மணிக்கு உன்னை வரச் சொல்லியிருக்காங்க.

நாத்தனார்: யாரு?

அண்ணி: தோட்ட ஆபீஸ்ல. கையெழுத்துப் போட. இடம் யார் பேர்ல இருக்கோ அவங்கதான் போடணுமாம், நான் போட்டாச் செல்லாதாம். திருத்தம் இருந்தா அப்பவே சொல்லிக்கலாம்.

நாத்தனார்: நீங்க எப்போ அங்கே…

அண்ணி: நேத்து மதியம். தைச்ச துணி கொடுக்கப் போனேன்ல, அப்படியே. நீ திருத்திக்கிட்டே இருந்து நேரத்தைத் தவற விட்டுடுவியோன்னு பயம். முதல் படம் குப்பைக்குப் போகல. எந்தப் பையில துணி இருந்துதோ அதே பையிலதான் அதுவும் போச்சு.

நாத்தனார்: அண்ணி…

அண்ணி: நீயே கொண்டுவந்து கொடுத்தா, நான் கொடுத்ததைக் கிழிச்சுப் போடுங்கன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். உன் படத்தைத் தொடமாட்டேன்னு வாக்குக் கொடுத்தவ நான், அதான் சொல்ல வாய் வரல. இன்னிக்குக் காலைலேர்ந்து நீயே சொல்லுவேன்னு பாத்துட்டு இருந்தேன். நீ டேப்புக் கதையை எடுத்ததும் அதான் ஐயையோன்னேன். தப்பான படத்தைக் கொடுத்து உன் இடத்தை நானே கெடுத்துட்டேனோன்னு.

நாத்தனார்: அந்தப் படத்துல கடைசி ரெண்டு பாத்தி வெறுமையா இருக்குமே?

அண்ணி: அதைத்தான் அங்கே கேட்டாங்க. என்ன பயிர்னு எழுதிக் கொடுங்கன்னாங்க. பின்னாடி ஏழு பேர் நிக்கறாங்க. அந்த நேரம் பாத்து உலகத்துல வேற ஒரு காய் பேரு ஞாபகம் வந்தாத்தானே.

நாத்தனார்: ரெண்டுலயுமா பூசணி?

அண்ணி: ரெண்டுலயும்.

நாத்தனார்: ஏழுல மட்டும் பூசணி இருக்கட்டும் அண்ணி. எட்டுல முள்ளங்கி.

அண்ணி: உங்க அண்ணன் தட்டை நகர்த்துவாரே?

நாத்தனார்: நகர்த்தட்டும். பூ அழகா இருக்கும்ல.

அண்ணி: போதும் கிண்டல். மூக்கைத் துடைச்சிட்டு எழுது. நீ செஞ்சது, நான் செஞ்சதெல்லாம் வேணாம். நாளைக்கு வேலை என்னன்னு மட்டும் எழுது.

நாத்தனார்: 'மார்ச் 14, சனி. நாளை காலை ஆறரைக்கு அண்ணியும் நானும் முதல் பாத்தியில் கல் பொறுக்க வேண்டும். வாளி இரண்டு.'