நட்டின் மேல் பச்சைக் கோடு

அந்தக் காரில் ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். அவ்வளவு தாழ்வு. தரையில் கை ஊன்றி, ஒரு காலை வெளியே போட்டு, மற்றதைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் நிர்வாக இயக்குநர் ஒருமுறை பேன்ட் கிழிய இறங்கினார். யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி மட்டும் சிரித்தாள். சோதனை ஓட்டுநர்களில் அவளுக்குத்தான் அந்தத் தைரியம் இருந்தது.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் இதுதான்.

மொத்தம் மூன்று கார்கள் செய்தோம். மூன்றும் மாதிரிகள். விற்பனைக்கு எதுவும் வரவில்லை. முதல் கார் எஞ்சின் இல்லாமல் கம்பெனி வரவேற்பறையில் நிற்கிறது. வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இணையத்தில் அதற்கு ஒரு ரசிகர் கூட்டமே இருக்கிறது. வந்திருந்தால் ஒரு கலக்குக் கலக்கியிருக்கும் என்று எழுதுகிறார்கள். சாபம் பிடித்த கார் என்றும் எழுதுகிறார்கள். படிக்க எரிச்சலாக இருக்கிறது. சாபம் எல்லாம் இல்லை. அந்தக் காரின் பின்பக்கம் முழுக்க என் பொறுப்பு. எனக்குத் தெரியும்.

பின்சக்கரம் ஒவ்வொன்றையும் நேராகப் பிடித்துவைக்க ஒரு கம்பி உண்டு. கட்டைவிரல் பருமன்தான். அதன் முனையில் ஒரு நட்டு. முதலில் கையால் திருக வேண்டும். பிறகு ரெஞ்சால் இறுக்க வேண்டும். போதுமான இறுக்கம் வந்ததும் ரெஞ்சு 'டக்' என்று சொல்லும். அதற்குப் பிறகு நட்டின் மேல் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. ஆளுக்கு ஒரு நிறம். என்னுடையது பச்சை. கோடு இருந்தால் வேலை முடிந்துவிட்டது, வேறு யாரும் அதில் ரெஞ்சு வைக்கக் கூடாது. எங்கள் பட்டறையில் அப்பன் பெயரைச் சொல்லித் திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். கோட்டைச் சந்தேகப்பட்டால் பொறுக்க மாட்டார்கள்.

இரண்டாவது காரை என் மனைவி ஓட்டினாள். சோதனைத் தடத்தில் நேர்ச்சாலை முடிந்து இடதுபக்கம் திரும்பும் இடத்தில் பிரேக் போட்டிருக்கிறாள். பின்பக்கம் வழுக்கிச் சுழன்று கார் சுவரில் மோதியது. எரிந்துபோனது. பின்பக்கத்தில் பாதி கிடைக்கவே இல்லை. விசாரணைக் குழு என்னைக் கூப்பிட்டு, கார் புறப்படும் முன் எடுத்த படங்களைக் காட்டியது. பச்சைக் கோடு உங்களுடையதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

அறிக்கை வந்தது. காரில் கோளாறு இல்லை, தாமதமாக பிரேக் போட்டது ஓட்டியவரின் தவறு.

கேன்டீனில் எனக்குப் பின்னாலேயே பேசினார்கள்.

"நான் அப்பவே சொன்னேன். இந்த மாதிரி வண்டியைப் பொம்பளை கையில குடுத்தா வேற என்ன ஆகும்?"

"மெதுவாப் பேசுய்யா. புருஷன் உக்காந்திருக்கான்."

"உக்காரட்டுமே. அவனுக்குத் தெரியாததா?"

நான் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தேன்.

என் மாமனார் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சைக்கிளைக்கூட உரசியதில்லை என்று அடிக்கடி சொல்வார். மகள் போனதைவிட 'ஓட்டியவரின் தவறு' என்ற அந்த வரிதான் அவரை உருக்குலைத்தது. நான் போகும்போதெல்லாம் அதையே கேட்பார்.

"மாப்பிள்ளை, எட்டு வயசுல என் மடியில உக்காந்து ஸ்டீயரிங் பிடிச்சவ. அவளுக்கா பிரேக் போடத் தெரியாது? நீங்க படிச்சவங்க. அந்த வரியை எடுக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் நான் கேக்கல."

எடுக்கச் சொன்னேன். பலமுறை சொன்னேன். தலைமைப் பொறியாளர் ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "தம்பி, உங்க வருத்தம் புரியுது. புதுசா ஆதாரம் ஏதாவது இருக்கா? இருந்தா கொண்டாங்க, நாளைக்கே மாத்திடலாம்." ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டு வருவேன். சுவரிடம் பேசுவது மாதிரி இருந்தது.

ஆதாரம் இல்லையென்றால் உண்டாக்க வேண்டும். கல்லூரியில் அதைத்தானே சொல்லிக்கொடுத்தார்கள்? ஒரு முடிவைச் சந்தேகித்தால், அதே நிலைமையில் அதே சோதனையை இன்னொருமுறை செய்து பார்க்க வேண்டும். ஒருவர் தவறலாம். ஒரே இடத்தில், ஒரே விதமாக இரண்டு பேர் தவறினார்கள் என்று யாரும் எழுத முடியாது.

மூன்றாவது காரை ஓட்ட என் மைத்துனனைப் போட்டிருந்தார்கள். அவளுடைய தம்பி. அவனைத் தேர்ந்தெடுத்தது கம்பெனி. நான் இல்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவனும் அறிக்கையை நம்பினான். "அக்கா கொஞ்சம் லேட்டாத்தான் போட்டிருக்கா மாமா. அவளுக்கு எப்பவும் அவசரம்" என்றான். எனக்குக் கோபம் வரவில்லை. தடத்தோரத்தில் எந்தத் தூரப் பலகையைத் தாண்டி அவள் பிரேக் போட்டாளோ, அங்கேயே அதே வேகத்தில் நீயும் போட்டுப் பார் என்றேன். வேகம் வேறாக இருந்தால் ஒப்பிட முடியாது.

நட்டைக் கையால் மட்டும் திருகினேன். கோடு போட்டேன்.

அவன் வந்து குனிந்து பார்த்தான். "எல்லாம் முடிஞ்சுதா மாமா?"

"கோடு தெரியலையா?"

"தெரியுது, தெரியுது. உடனே முகத்தைத் தூக்கி வச்சுக்காதீங்க. கோட்டைப் பத்திக் கேட்டதுக்கு அக்காகிட்டயே ஒரு வாரம் பேசாம இருந்த ஆளாச்சே நீங்க."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். உள்ளே இறங்க அவனுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. தோளைப் பிடித்து உதவினேன்.

அதே வளைவு. கிட்டத்தட்ட அதே சுவர். சோதனை என்ற அளவில் குறை சொல்ல எதுவும் இல்லை.

இரண்டாவது அறிக்கையைப் பார்த்திருப்பீர்கள். அக்காவை இழந்த துக்கத்தில் கவனம் சிதறியிருக்கிறது, ஓட்டியவரின் தவறு. இருவரும் ஒரே குடும்பம், ஒரே ஆளிடம் ஓட்டப் பழகியவர்கள் என்று வேறு சேர்த்திருந்தார்கள். அந்த ஒரே ஆள் என் மாமனார். பிறகு சந்தை நிலவரம் சரியில்லை என்று சொல்லித் திட்டத்தையே மூடிவிட்டார்கள். இப்படிப்பட்டவர்களோடு என்ன செய்வது? எவ்வளவு தெளிவாகக் காட்டினாலும் அவர்களுக்கு ஏறவில்லை. மாமனார் இப்போது என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கதவைத் திறந்துவிட்டு, போய் உட்கார்ந்துகொள்கிறார்.

அதனால்தான் நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் யாரும் என்னைத் தேடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

முதல் விபத்துக்குக் காரணம் அந்த நட்டுதான் என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. இத்தனை பேரில் நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள்.

அன்று மழை வரும் போலிருந்தது. அவள் உடை மாற்றிக்கொண்டு வந்து, காருக்கு அடியில் படுத்திருந்த என் தலைமாட்டில் நின்று, "என்னங்க, நட்டுக்குத் தாலாட்டுப் பாடிட்டு இருக்கீங்களா? தடம் நனைஞ்சா இன்னைக்கு ஓட்ட விட மாட்டாங்க" என்றாள். நேரம் மிச்சமாகட்டும் என்று எல்லா நட்டையும் கையால் திருகிவிட்டு, கோடுகளை முதலில் போட்டேன். பிறகு ரெஞ்சை எடுத்தேன். இடதுபக்கம் முடித்தபோது தலைமைப் பொறியாளர் போனில் கூப்பிட்டார். பேசிவிட்டுத் திரும்பி வந்தால் எல்லா நட்டிலும் கோடு இருந்தது. கோடு இருந்தால் வேலை முடிந்துவிட்டது. காரை இறக்கச் சொல்லிவிட்டேன். வலதுபக்கத்தில் 'டக்' கேட்கவில்லை என்பது, கார் சுவரில் மோதியதைப் பார்த்தபோதுதான் ஞாபகம் வந்தது.

அப்போதே சொல்லியிருந்தால் அந்த வரி போயிருக்குமே, தம்பியும் பிழைத்திருப்பானே என்கிறீர்கள். நீங்கள் பட்டறையில் வேலை செய்ததில்லை. உங்களுக்குப் புரியாது.

எழுதிக்கொள்ளுங்கள். மைத்துனனுடைய அறிக்கையில் என் பெயரைத் தாராளமாகப் போடலாம். அது யோசித்துச் செய்தது, கொலை என்றே எழுதுங்கள். அவளுடையதில் மட்டும் 'நட்டு இறுக்கப்படவில்லை' என்று இருந்தால் போதும். யார் இறுக்கவில்லை என்று வேண்டாம். கவனக்குறைவான ஆள் என்று என்னை இதுவரை யாரும் சொன்னதில்லை.