மூன்றாவது தட்டை எடுக்க விடாதவருக்கு

நுண்ணோக்கியின் முன் அமர்ந்து முப்பத்தோர் ஆண்டுகளாக நோயின் நுட்பம் நோக்கிய நல்விழியே! நூலிழை போன்ற திசுத் துணுக்கிலும் ஒரு முழு மனிதரைக் கண்ட திருவுள்ளமே! தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே நிதானத்தோடு, ஒரே குரலில் சொல்லத் தெரிந்த தெளிவே! நோய்க்குறியியல் துறையின் தலைவராக இன்று பணி நிறைவு பெறும் பெருமாட்டியே, நாங்கள் வாய்நிறைய அழைத்துப் பழகிய எங்கள் டாக்டரம்மா, வணக்கம்.

இம்மடலைச் சட்டமிட்டு உங்கள் அறையிலேயே மாட்டப்போகிறோம் என்றபோது, ஜன்னல் வெளிச்சத்தை மறைக்காத சுவராகப் பார்த்து மாட்டச் சொன்னீர்கள். அடைமொழிகளைக் குறைக்கவும் சொன்னீர்கள். முதலாவதற்கு ஏற்ற சுவரைப் பார்த்து வைத்துவிட்டோம். இரண்டாவதற்கு மனம் வரவில்லை. மேலே இருப்பது எழுதியதில் பாதிதான்.

நாளை அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காரப் போகிறார். ஆகவே அந்த அறையை ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறோம். தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கும் ஒடுங்கிய அறை. எத்தனை முறை தேய்த்தாலும் போகாத ஊதாச் சாயக் கறை படிந்த தொட்டி. ஒரு சக்கரம் மட்டும் உருள மறுக்கும் நாற்காலி. நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடியை மேசை முழுக்கத் தேடும் நீங்கள். உள்ளே வருபவர் யாராக இருந்தாலும், நுண்ணோக்கியிலிருந்து நீங்கள் தலையைத் தூக்கும்வரை பேசக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத சட்டம். அந்த மௌனத்தில் நாங்கள் கொண்டுவந்த தேநீர் ஆடை கட்டிப்போகும். கொண்டுவந்த கோபமும் பல நேரம் ஆறிப்போகும். வாய் திறந்து நீங்கள் எங்களைக் கண்டித்ததாக எவருக்கும் நினைவில்லை. ஆனால் அந்த மௌனத்தில் நின்றுவிட்டு, கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிப் போய்த் தம் வேலையைத் திருத்திக்கொண்டவர்கள் இந்த மன்றத்தில் பலர்.

சிறுநீரக அழற்சி என்று வருவோருக்கு என்ன நோய் என்று சொல்வதோடு நம் போன்றோரின் வேலை ஒரு காலத்தில் முடிந்துவிடும். நீங்கள் அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்டீர்கள். ஒரே நோய், ஒரே மருந்து. ஒருவர் எழுந்து வேலைக்குப் போகிறார், மற்றவர் மருந்தின் கொடுமையையும் அனுபவித்து, சிறுநீரகத்தையும் இழக்கிறார். யாருக்கு அந்த மருந்து பலிக்கும் என்பதை, ஊசியால் எடுத்த அந்தச் சிறு திசுவே முன்கூட்டிச் சொல்லுமா? இந்தக் கேள்வியின் பின்னால்தான் இந்த ஆய்வகம் இத்தனை காலம் நடந்தது. ஒருபக்கம் உங்கள் கண். மறுபக்கம் எங்கள் புள்ளியியலாளர் எழுதிய கணினி நிரல். திசுவை ஒட்டிய கண்ணாடித் துண்டான ஸ்லைடில் எண் மட்டும் இருக்கும். பெயர், வயது, ஊர் எதுவும் இருக்காது. நீங்கள் பார்ப்பீர்கள், நிரலும் பார்க்கும். பின்னர் இரண்டையும் ஒப்பிடுவோம். மருத்துவருக்குப் போகும் அறிக்கையில் உங்கள் சொல்தான் இருக்கும்.

உங்கள் மேசையில் மூன்று அலுமினியத் தட்டுகள் இருக்கும். மருந்து பலிக்கும் என்று நீங்கள் கருதும் ஸ்லைடுகளுக்கு ஒன்று. பலிக்காது என்பவற்றுக்கு ஒன்று. மூன்றாவது, சொல்ல முடியாதவற்றுக்கு.

அந்த மூன்றாவது தட்டை வைத்து நாங்கள் அடித்த கேலிக்கு அளவில்லை. இன்று மழை வருமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டால், மேகம் பத்தாது, இன்னும் கொஞ்சம் வெட்டி அனுப்புங்கள் என்பார் என்று சொல்லிச் சிரிப்போம். வீட்டு விசேஷத்துக்கு அழைத்தால் அழைப்பிதழும் அந்தத் தட்டுக்குத்தான் போகும் என்போம். ஆனால் அது சோம்பலின் தட்டு அல்ல என்பது திசுவை வெட்டும் எங்களுக்குத் தெரியும். மறுபடி வெட்டச் சொல்வதும், வேறு சாயம் ஏற்றச் சொல்வதும், மறுநாள் புதுக் கண்ணோடு திரும்பப் பார்ப்பதும் எப்போதும் அந்தத் தட்டுக்காகத்தான். அத்தனையும் செய்த பிறகும் மிஞ்சுவது மட்டுமே அங்கே கிடந்தது.

அந்தத் தட்டே ஆகாதவர் ஒருவர் எங்களில் இருந்தார். எங்கள் புள்ளியியலாளர்; ஆய்வகம் முழுக்க அவருக்குக் கணக்கு சார் என்றுதான் பெயர். வயதில் உங்களுக்கு இரண்டே ஆண்டு இளையவர், பிடிவாதத்தில் சரிசமம். அவர் கணக்கில் அந்தத் தட்டு, கூரையில் ஒழுகும் இடம். எவ்வளவு அழகாக அட்டவணை போட்டாலும் அங்கே ஈரம் கசியும். வாசலில் நின்று அவர் முறையிட்டதை நாங்களே கேட்டிருக்கிறோம். "உள்ள வரலாம், இல்ல வெளிய போகலாம். நடுவுல நிக்கிறவங்களை வெச்சிக்கிட்டு நான் என்ன பண்றது டாக்டரம்மா?"

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டோம். தலையசைத்தார். இதில் வரும் அவர் மைத்துனரிடமும் கேட்டோம். பெயரைப் போடாதீர்கள், கிட்னியைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று அனுமதி தந்தார்.

மைத்துனர் என்றால் கணக்கு சாரின் மனைவிக்குத் தம்பி. தையல்காரர். கால் வீங்கிச் செருப்பு நுழையாமல் போன ஒருநாள், நம் பக்கத்து மருத்துவமனையில் சேர்ந்தார். சிறுநீரகத்திலிருந்து திசு எடுத்தார்கள். அன்று நமக்கு வந்த சிறுநீரகத் திசு அது ஒன்றுதான். ஆகவே யாரும் சொல்லாமலே, அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது யார் என்று கணக்கு சாருக்குத் தெரிந்துவிட்டது. அவர் எவரிடமும் மூச்சு விடவில்லை. ஸ்லைடின் படத்தை நிரலிடம் கொடுத்தார். நிரல் தயங்கவில்லை: பலிக்காது.

மதியச் சாப்பாட்டுப் பெட்டியை அன்று அவர் திறக்கவில்லை. தாம் எழுதிய நிரல், தம் வீட்டுப் பிள்ளையைப் பற்றித் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. மனத்தைத் தேற்றிக்கொள்ள ஒரு வழிதான் இருந்தது. அந்த மருந்து லேசானதல்ல. முகம் உப்பும், தூக்கம் போகும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். பலிக்காது என்று உறுதியானால், அந்தப் பாடாவது அவனுக்கு மிச்சம். உங்கள் கண்ணும் அதையே சொல்லிவிட்டால் மனம் ஒரு நிலைக்கு வரும் என்று காத்திருந்தார். நீங்கள் மறுபடி வெட்டச் சொன்னீர்கள். சாயத்தை மாற்றச் சொன்னீர்கள். மறுநாள் அந்த ஸ்லைடை எடுத்து மூன்றாவது தட்டில் வைத்தீர்கள்.

அவர் உங்கள் அறைக்கு வந்தார். நீங்கள் தலையைத் தூக்கும்வரை அவரால் பொறுக்க முடியவில்லை. இத்தனை ஆண்டுகளில் அந்த மௌனத்தை முதலில் உடைத்தவர் அவர்தான். கணக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது உங்களுக்கு மட்டும் என்ன தயக்கம், என் வேலையில் நம்பிக்கை இல்லையா என்று குரல் உயர்த்திக் கேட்டார். தாழ்வாரத்தில் இருந்த நாங்கள் அப்படியே நின்றுவிட்டோம்.

நீங்கள் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. "உங்க கம்ப்யூட்டர் தப்புன்னு நான் சொல்லலை. பலிக்காதுன்னு எழுதிட்டா யாரும் அந்த மருந்தைக் கொடுக்க மாட்டாங்க. கொடுக்கலைன்னா, நாம சொன்னது தப்பா இருந்தாலும் நமக்கு எப்பவுமே தெரிய வராது. அப்படி ஒரு வார்த்தையை, தெரியாம நான் எழுத மாட்டேன் சார்."

அவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். தனி ஸ்லைடைப் பற்றி ஒருநாளும் கேட்காத மனிதர், இன்று ஒன்றைப் பற்றி மட்டும் கேட்கிறார் என்பது அதற்குள் உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். கையை உயர்த்தினீர்கள்.

"யாருன்னு சொல்லிடாதீங்க. சொன்னா என் கண்ணு மாறிடும்."

பிறகு ஓரத்தில் இருந்த முக்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, மறுபடி நுண்ணோக்கியில் குனிந்துகொண்டீர்கள். அவர் உட்கார்ந்தார். குளிர்பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த ஒரு வாரத்தில் தமக்குக் கிடைத்த ஆறுதல், எதுவும் பேசாமல் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பொழுது மட்டுமே என்று பின்னாளில் எங்களிடம் சொன்னார்.

சொல்ல முடியாது என்றே அறிக்கை போயிற்று. மருத்துவர் இரு பக்கத்தையும் எடுத்துச் சொன்னார். தையல்காரர் மருந்தையே கேட்டு வாங்கிக்கொண்டார். முகமும் கழுத்தும் உப்ப, தம் சட்டையின் காலரைத் தாமே இருமுறை பிரித்துத் தைத்துக்கொண்டார். மாதங்கள் போயின. மருந்து பலிக்கவில்லை. இன்றுவரை வாரத்தில் மூன்று நாள், அவருடைய ரத்தத்தை ஓர் இயந்திரம் சுத்தம் செய்து திருப்பித் தருகிறது.

இதைக் கதையாகச் சொல்வதென்றால் மருந்து பலித்ததாக முடித்திருப்போம். உங்களைப் பாராட்டும் மடலில் பொய் எழுதக் கூடாது.

கணக்கு சார் மறுபடி உங்கள் அறைக்கு வந்தார். இம்முறை நீங்கள் தலையைத் தூக்கும்வரை நின்றார். அது யாருடைய ஸ்லைடு என்பதையும், என்ன ஆயிற்று என்பதையும் அப்போதுதான் சொன்னார். நிரல் சொன்னதே சரியாகிவிட்டது என்பதையும் சொன்னார். நீங்கள், "உங்க கணக்கு சரி. அவர் பட்ட கஷ்டத்துல என் பங்கு இருக்கு. இல்லேன்னு சொல்ல மாட்டேன்" என்றீர்கள். தட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் எடுக்கவும் இல்லை.

அந்த வேளையில்தான், நம் சோதனையை மற்ற மருத்துவமனைகளுக்கும் கொடுப்பதென்று நிர்வாகம் முடிவெடுத்தது. விடை இரண்டே இருக்க வேண்டும் என்றார்கள்: பலிக்கும், பலிக்காது. தெரியாது என்று சொல்லும் சோதனையை எந்த மருத்துவமனை வாங்கும் என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் மூன்றாவது விடைக்காகப் பேச நீங்கள் ஒருவரே இருந்தீர்கள். இன்னும் சில மாதத்தில் அம்மாவே ஓய்வு பெறுகிறார், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எங்களுக்கே கேட்டது. உங்களுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. உங்கள் உழைப்பில் எது மிஞ்சும், எது துடைத்தெறியப்படும் என்பது அன்று அந்த மேசையில் கிடந்தது. எல்லோரும் கணக்கு சாரைப் பார்த்தார்கள். அவர் வீட்டுக்கு நேர்ந்ததும் அவர்களுக்குத் தெரியும். அவர் எந்தப் பக்கம் பேசுவார் என்பதில் எவருக்கும் ஐயம் இல்லை.

அவர் எழுந்தார். மைத்துனருக்குப் போலவே, பலிக்காது என்று நிரல் அடித்துச் சொன்ன வேறு சிலரின் ஸ்லைடுகளும் மூன்றாவது தட்டில் இருந்ததைச் சொன்னார். அவர்களும் மருந்து எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் நால்வர் இன்று தம் சொந்தச் சிறுநீரகத்தோடு வேலைக்குப் போய்வருகிறார்கள். "தட்டு இல்லேன்னா இந்த நாலு பேருக்கும் மருந்து போயிருக்காது. என் நிரல் சரின்னு நானும் மார் தட்டிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார்.

உங்கள் மைத்துனர் அனுபவித்ததற்கு என்ன சொல்கிறீர்கள் என்று தலைமையில் இருந்தவர் கேட்டார். அதை அவனையே கேட்டேன் என்றார் கணக்கு சார். "என் கிட்னி ஒண்ணுதான் அத்தான் இந்தக் குடும்பத்துல உங்க பேச்சைக் கேட்டிருக்கு" என்று முதலில் சிரித்தானாம். அப்புறம் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னானாம்: "கொடுத்துப் பார்க்காம விட்டிருந்தீங்கன்னா, உங்க மூஞ்சியைப் பார்க்கிறப்பல்லாம் எனக்கு அந்த மருந்துதான் ஞாபகம் வந்திருக்கும்."

கூட்டத்தில் அதற்குமேல் யாரும் பேசவில்லை. உங்கள் அறையின் மௌனம் முதல்முறையாக வேறோர் அறைக்கும் வந்ததுபோல் இருந்தது. நம் சோதனை இன்று மூன்று விடைகளோடுதான் வெளியே போகிறது. கணக்கு சாரும் நிரலைப் பிரித்து மறுபடி எழுதினார். சொல்ல முடியாது என்று சொல்ல அதற்கும் கற்றுக்கொடுத்துவிட்டார்.

அம்மா, கண்டுபிடித்ததற்காகப் புகழப்படுவோர் உலகில் பலர். கண்டுபிடிக்க முடியாத இடத்தில் கௌரவமாக நின்றதற்காக ஒருவரைப் புகழும் வாய்ப்பு எங்களுக்கு வாய்த்தது. அந்த இடத்தில் நிற்பது எவ்வளவு கனமானது என்பதை, உங்கள் பங்கை நீங்கள் ஒப்புக்கொண்ட அந்தப் பகலில் கண்டோம். அதை நாங்கள் மறப்பதற்கில்லை.

தையல்காரர் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். நெற்றியில் தேட வேண்டியதைக் கழுத்தில் தேடிக்கொள்ளும்படி, கயிறு வைத்த மூக்குக்கண்ணாடி உறை ஒன்றை உங்களுக்காகத் தைத்துக் கொண்டுவந்திருக்கிறார். நீண்ட ஆயுளும் நிறைந்த நலமும் பெறுவீர்கள் என்று இந்த இடத்தில் எழுதத்தான் பேனா ஓடுகிறது. ஆனால் அது முன்கணிப்பு; போதிய சான்றில்லாமல் சொன்னால் தலையைத் தூக்கிப் பார்ப்பீர்கள். ஆகவே நாங்கள் கணிக்கவில்லை, விரும்புகிறோம். கண்ணுக்கு வேலை இல்லாத காலைகளும், ஆடை கட்டுமுன் குடிக்கும் தேநீரும், உங்களுக்குப் பிடித்த மௌனமும், அதை உடைக்கப் பேரப்பிள்ளைகளின் கூச்சலும் பல்லாண்டு உங்களுக்கு வாய்க்க வேண்டும் என்று மனமார விரும்புகிறோம்.

கடைசியாக ஒன்று. அந்த மூன்றாவது தட்டுக்கு வெள்ளி முலாம் பூசி உங்களுக்கே நினைவுப் பரிசாகத் தரலாம் என்று எங்களில் சிலர் ஆசைப்பட்டோம். குறுக்கே நின்றவர், ஒரு காலத்தில் அதைத் தூக்கி எறியச் சொன்ன கணக்கு சார்தான். "அதை எப்படிங்க கொடுக்கிறது? அது இன்னும் ட்யூட்டியில இருக்கு" என்றார்.

ஆம் அம்மா. ஓய்வு உங்களுக்கு மட்டும்தான்.

நீங்கள் தலையைத் தூக்கும்வரை காத்திருந்து பழகிய
ஆய்வகப் பணியாளர்கள் அனைவரும்