காதுல விழல

அவள்: சரி, குறட்டை விடுவாரா?

அவன்: யாரு?

அவள்: யாரா... உங்க மாப்பிள்ளை சேரூன்தான். வேற யாரைப் பத்திப் பேச வந்திருக்கோம்?

அவன்: அது எனக்கெப்படிங்க தெரியும். நான் தூது வந்தவன்.

அவள்: தூது வர்றவங்க நாலு விஷயம் விசாரிச்சுட்டு வர வேண்டாமா? எங்க பொண்ணு தாவேனைப் பத்தி எதைக் கேட்டாலும் நான் சொல்வேன்.

அவன்: எதைக் கேட்டாலுமா... வயசு?

அவள்: நூத்தி நாப்பது.

அவன்: சின்னப் பொண்ணுதான். அந்த முகத்துணியக் கொஞ்சம் இறக்குங்களேன்.

அவள்: எதுக்கு? மணல் வாரி அடிக்குது.

அவன்: பேசறவங்க வாய் தெரியலேன்னா எங்க பக்கத்துல அது மரியாதை இல்லைங்க.

அவள்: எங்க பக்கத்துல வாயை மூடினாத்தான் மரியாதை. சரி, இறக்கியாச்சு. காதுத்துணிய மட்டும் அவுக்கச் சொல்லிடாதீங்க.

அவன்: சொல்வேனா? காதைக் கட்டாம எந்தத் தூது பேசியிருக்கு. ஒரு பொய் சொன்னா நுனி துடிச்சுக் காட்டிக் குடுத்துடும்.

அவள்: அப்போ பொய் சொல்லத்தான் வந்திருக்கீங்க.

அவன்: நீங்க?

அவள்: ...பால்கட்டி எடுத்துக்கோங்க. அம்மா செஞ்சது.

அவன்: பொண்ணோட அம்மாவா, உங்க அம்மாவா?

அவள்: பொண்ணோட அம்மாதான். நானும் அம்மான்னுதான் கூப்பிடுவேன். நல்லாத்தான் நோண்டறீங்க. அதிருக்கட்டும், மணல் இப்படிக் கொதிக்குது, நீங்க ஏன் வெறுங்கால்ல நிக்கறீங்க?

அவன்: பழக்கம். சேரூனும் இப்படித்தான்.

அவள்: செருப்புக்குக்கூட வழியில்லாத குலத்துலயா பொண்ணக் குடுக்கப் போறோம்?

அவன்: செருப்பு பை நிறைய இருக்கு. போட மாட்டார்.

அவள்: சரி, முக்கியமானதுக்கு வர்றேன். மணலுக்கு அடியில தண்ணி ஓடறது அவருக்குக் கேக்குமா?

அவன்: கண்டுபிடிப்பார். போன கோடையில புயல் அடிச்சு கிணறெல்லாம் மூடினப்போ, எங்க கூட்டம் மொத்தமும் அவர் காட்டின இடத்துல தோண்டித்தான் பிழைச்சுது.

அவள்: கேக்குமான்னா, கண்டுபிடிப்பார்ங்கறீங்க.

அவன்: ரெண்டும் ஒண்ணுதானே. உங்க தாவேனுக்கு?

அவள்: அவளுக்கென்ன... நீளக் காது எல்ஃபாப் பொறந்துட்டு மணல் கேக்காதவங்க உண்டா?

அவன்: உண்டே. சுவத்தூர்ல போய்ப் பாருங்க.

அவள்: உங்க குலத்துலயும் அங்கதான் கொண்டு விடறாங்களா?

அவன்: எல்லாக் குலத்துலயும் அதானே. மணல் கேக்காதவங்க கூட வந்தா கூட்டத்துக்கே தாகம்னு ஒரு பயம். கல்யாணத்துல ஒருத்தர் கையப் பிடிச்சு, 'இவங்களுக்கும் சேத்து நான் கேக்கறேன்'னு சொன்னாத்தான் கூட நடக்கலாம்.

அவள்: தெரியும். எங்க சின்னம்மா அங்கதான் இருக்காங்க. ஒருதடவை பாக்கப் போனேன். காலையில எழுந்ததும் கூடாரம் பிரிக்கற மாதிரி பாயைச் சுருட்டறாங்க. கட்டி முடிச்சு வாசல் வரைக்கும் தூக்கிட்டு வர்றாங்க. அப்புறம் போக இடமில்லாம திரும்ப விரிக்கறாங்க.

அவன்: போதுங்க. இன்னொரு துண்டு பால்கட்டி குடுங்க.

அவள்: என்ன, பேச்சை மாத்தறீங்க?

அவன்: ஒண்ணுமில்ல. எனக்கும் அந்த ஊருன்னா ஆகாது.

அவள்: உங்களுக்கு எதுக்கு ஆகணும், ஆகாம இருக்கணும்? சரி, எங்க பொண்ணு பிடிக்கலேன்னா நேரா சொல்லிடுங்க.

அவன்: நேராச் சொல்ற சாதியா நாம?

அவள்: அதான். 'காதுல விழல'ன்னுட்டுப் போயிடுவீங்க.

அவன்: அதுதானேங்க மரியாதை. மணல் மேட்டுக்கு அந்தப்பக்கம் பல்லி ஓடறதைக் கேக்கற காது நம்மளது. பக்கத்துல பேசினது விழலேன்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான்.

அவள்: எங்க பெரியப்பா வியாபாரத்துக்கு வந்த ஒரு மனுசன்கிட்ட அப்படித்தான் சொன்னார். அந்த ஆள் அதை நிஜம்னு நம்பி, காதுகிட்ட வந்து கத்து கத்துன்னு கத்தியிருக்கான். பெரியப்பா 'காதுல விழல, காதுல விழல'ங்கறார். பாவம், தொண்டை கட்டித்தான் ஊர் போய்ச் சேந்தான்.

அவன்: மனுசங்களுக்கு எதையும் சத்தமாச் சொல்லணும்.

அவள்: உங்க ஒட்டகம் மட்டும் என்னவாம்? அப்பத்துலருந்து கத்துது, திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறீங்க.

அவன்: கத்துதா... அதுக்கு அதே வேலை. தாகமா இருக்கும்.

அவள்: நீங்க தின்னுங்க. நான் இந்தக் கிணத்துல சேந்தி அதுக்கு ஊத்தறேன்.

அவன்: உங்களுக்கெதுக்குங்க சிரமம்.

அவள்: இருக்கட்டும்... கேளுங்க. உங்க முகத்தப் பாத்தா எனக்கு இது வராது. கிணத்தப் பாத்துச் சொல்லிடறேன். பொண்ணு வீட்டுத் தூதுன்னு யாரும் வரல. நான்தான் தாவேன். எனக்கு மணல் கேக்காது. பொறந்ததுலருந்தே கேக்காது. எல்லாரும் குனிஞ்சு காதை வெச்சா நானும் வெப்பேன், அவங்க சிரிச்சா நானும் சிரிப்பேன். கல்யாணம் முடியற வரைக்கும் மறைச்சுடுன்னாங்க அம்மா. மறைச்சுடலாம். ஆனா ஒருநாள் தண்ணியில்லாத இடத்துல அவர் என்னைத் திரும்பிப் பாப்பார் இல்லையா... அந்தப் பார்வைக்குப் பயமா இருக்கு. சுவத்தூருக்குப் போகவும் பயமா இருக்கு. போய் அவர்கிட்ட சொல்லுங்க. சொல்வீங்களா?

அவன்: கயிறு பழசு, பாத்து இழுங்க. பால்கட்டியில என்னங்க போட்டாங்க? புளிப்பா ஒண்ணு தட்டுப்படுதே.

அவள்: ...என்னது?

அவன்: நல்லாத்தான் இருக்கு. என்னன்னு தெரிஞ்சுக்கலாம்னு...

அவள்: நான் இவ்வளவு சொன்னதுக்கு பால்கட்டியா பதில்?

அவன்: சொன்னீங்களா? மன்னிச்சுக்கோங்க. காதுல விழல.

அவள்: இந்தாங்க, கயித்த நீங்களே பிடிங்க.

அவன்: என்னங்க ஆச்சு?

அவள்: புரிஞ்சுது. முறையாத்தான் சொல்லியிருக்கீங்க, தப்பில்ல. நான் கெளம்பறேன்.

அவன்: ஐயையோ, இருங்க. அந்தக் 'காதுல விழல' இல்லைங்க இது.

அவள்: வேற எத்தனை வெச்சிருக்கீங்க?

அவன்: மறுபடி அந்தப்பக்கம் திரும்பிட்டீங்களே. இங்க பாருங்க. கிணத்துல குனிஞ்சு என்னவோ சொன்னீங்களே, அதை என் முகத்தப் பாத்துச் சொல்லுங்க.

அவள்: ஒருதடவை சொன்னதுக்கே உயிர் போயிடுச்சு.

அவன்: கெஞ்சிக் கேக்கறேன்.

அவள்: நான்தான் தாவேன். எனக்கு மணல் கேக்காது. போதுமா? ...இப்ப எதுக்குச் சிரிக்கறீங்க? காதுத்துணிய ஏன் அவுக்கறீங்க? தூதுக்கு அது ஆகாது.

அவன்: தூதுக்குத்தானே ஆகாது. நான் சேரூன். நுனியப் பாருங்க, துடிக்குதா?

அவள்: ...இல்ல.

அவன்: இப்ப உங்க செருப்பைக் கழட்டுங்க. கால மணல்ல நல்லாப் புதைச்சு நில்லுங்க. என்ன தெரியுது?

அவள்: சுடுது.

அவன்: அவசரப்படாதீங்க. அதுக்கும் கீழ.

அவள்: ...ஏதோ சின்னதா நடுங்குது. ஒட்டகத்தோட கழுத்துல கை வெச்ச மாதிரி.

அவன்: அதுதான் தண்ணி. இந்தக் கிணத்துக்கு ஓடி வர்ற ஊத்து.

அவள்: இதுவா... இவ்வளவு நாளா இது என் காலடியிலயே இருந்துச்சா? இருங்க, எனக்கொண்ணு புரியல. காது இருக்கறப்போ நீங்க ஏன் காலை வெச்சுத் தேடறீங்க? அதான் வாயைப் பாத்தே பேசறீங்களா? போன கோடைப் புயல்ல உங்க காது... அப்போ அந்தக் குறட்டை விஷயம்?

அவன்: 'எனக்கெப்படித் தெரியும்'னேனே, அது நிஜந்தாங்க. புயலுக்கப்புறம் எதுவுமே, என் குறட்டைகூட, எனக்குக் காதுல விழறதில்ல, தாவேன். நீங்கதான் கூட இருந்து கேட்டுச் சொல்லணும்.